முதுகுன்றத்துக்கு வழி எது? நடுநாட்டு ஆற்றங்கரை நடைவழிகளும் நடப்பவர் உரிமையும்

1. கேள்வி

சிதம்பரத்திலிருந்து விருத்தாசலத்துக்குப் பேருந்தில் போகிறவர் புவனகிரிப் பாலத்தில் வெள்ளாற்றைக் கடக்கிறார். அதன் பிறகு சேத்தியாத்தோப்பு, வயல்கள், கடைத்தெருக்கள் என்று சாலை தன் போக்கில் போகிறது. இதே இரண்டு ஊர்களுக்கும் இடையே ஞானசம்பந்தர் நடந்ததாகச் சேக்கிழார் சொல்லும் பயணத்தில் ஆறு குறுக்கே வருவதில்லை, கூடவே வருகிறது. நிவா என்று தேவாரம் குறிப்பிடும் வெள்ளாற்றின் கரைதான் அங்கே வழி. அந்தக் கரையோடு மேற்கு நோக்கிப் போய் எருக்கத்தம்புலியூர், அங்கிருந்து திருமுதுகுன்றமாகிய விருத்தாசலம், பிறகு பெண்ணாகடம், கடைசியில் நெல்வாயில் அரத்துறை என்று அந்தப் பயணம் நீள்கிறது.

அந்தக் கரைவழியை இன்று ஒருவர் கால்நடையாகப் போய் முடிக்க முடியுமா, முடியாதென்றால் தடுப்பது ஆறா, நிலமா, சட்டமா, சாதியா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இந்தப் பயணத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் மூன்று நிலைகளில் நின்று பார்த்திருக்கிறார்கள். பக்தி நூல்களுக்கு அது அருள் நிகழ்ச்சிகளின் வரிசை. தலயாத்திரைக் கையேடுகளுக்கு அது பேருந்து வசதியோடு கூடிய கோயில் பட்டியல். வரலாற்றாய்வாளர்களுக்கு வழி என்றால் பெருவழி, அதாவது வணிகச் சாத்துகளும் படைகளும் போன சாலை. மூன்றிலும் பயன் உண்டு. ஆனால் கோயிலுக்கும் கோயிலுக்கும் இடையில் கால் பட்ட மண்ணைப் பற்றி, அதாவது வரப்பு, வாய்க்கால் கரை, தோப்பு ஓரம், ஆற்று மணல் ஆகியவற்றைப் பற்றி, மூன்றும் அநேகமாக ஒன்றும் சொல்வதில்லை. நடைவழி என்பதைத் தனி ஒரு பொருளாக நம் சட்டமும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதையும், நடப்பதைப் பற்றி இங்கே எழுந்த பெரிய போராட்டங்கள் யார் நடக்கலாம் என்று கேட்டனவே தவிர எங்கே நடக்கலாம் என்று கேட்கும் கட்டத்துக்கு வரவில்லை என்பதையும் நிறுவ முயல்கிறேன்.

2. நிவாக்கரையில் ஒரு சிறுவன்

முதலில் சான்றின் தரம். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர். சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர், பன்னிரண்டாம் நூற்றாண்டு. நடுவில் ஐந்நூறு ஆண்டுகள். தேவாரப் பதிகங்கள் ஊரைப் பாடும், ஆற்றைப் பாடும், ஆனால் ஓர் ஊரிலிருந்து மறு ஊருக்கு எப்படி வந்தோம் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. பதிகங்களைப் பயண வரிசையில் கோத்துக் கொடுத்தது சேக்கிழாரின் வேலை. ஆகவே பெரியபுராணம் காட்டும் வழியைச் சம்பந்தர் நடந்த வழி என்பதைவிட, பன்னிரண்டாம் நூற்றாண்டில் நாட்டு நிருவாகத்தை அறிந்த ஓர் அமைச்சர் 'இப்படித்தான் போயிருப்பார்' என்று கருதிய வழி எனக் கொள்வதே சரி. என் நோக்கத்துக்கு அதுவே போதும். சோழர் கால அதிகாரி ஒருவருக்குத் தில்லையிலிருந்து மேற்கே போக ஆற்றங்கரை இயல்பான வழியாகத் தோன்றியிருக்கிறது.

நிலப்படத்தில் வைத்துப் பார்த்தால் வரிசை பொருந்துகிறது. எருக்கத்தம்புலியூர் இன்றைய இராஜேந்திரப்பட்டினம், விருத்தாசலத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 12 கிலோமீட்டர். ஆற்றோடு மேற்கே வருகிறவருக்கு அது முதலில் வரும், முதுகுன்றம் அடுத்து வரும். பெண்ணாகடம் என்னும் பெண்ணாடம் முதுகுன்றத்துக்குத் தென்மேற்கே 18 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. அரத்துறை, இன்றைய திருவட்டத்துறை, திட்டக்குடிப் பக்கம் வெள்ளாற்றங்கரையிலேயே இருக்கிறது. சிதம்பரத்திலிருந்து விருத்தாசலத்துக்கு நேர் சாலையில் சுமார் 45 கிலோமீட்டர்தான் என்றாலும், எருக்கத்தம்புலியூர் வழியாகப் போவது சுற்று. அந்தச் சுற்றுக்குக் காரணத்தையும் சேக்கிழாரே தருகிறார். அது உடன் வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் சொந்த ஊர். நிவாக்கரைத் தலங்களைத் தரிசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டவரும் அவரே. பாணர் குலத்தவர் ஒருவரின் விருப்பம்தான் இந்தப் பயணத்தின் திசையை முடிவு செய்திருக்கிறது. இதை 5ஆம் பகுதிக்காக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பயணத்தில் என்னை அதிகம் ஈர்ப்பது பெண்ணாடத்துக்கு அப்பால் வரும் பகுதி. அதுவரை பல இடங்களில் தந்தை சிவபாத இருதயரின் தோளில் போன சிறுவன், இங்கே தோளை மறுத்துத் தன் காலால் நடக்கிறான். பாதம் நோகிறது. தந்தை வருந்துகிறார். பொழுது சாய்ந்துவிட, அரத்துறையை எட்டாமல் வழியில் மாறன்பாடியில் தங்குகிறார்கள். மாறன்பாடி இன்றைய இறையூர். அன்றிரவு அரத்துறை ஊராரின் கனவில் இறைவனின் ஆணை பிறந்து, மறுநாள் முத்துச்சிவிகையும் முத்துக்குடையும் முத்துச்சின்னமும் சிறுவனுக்காக வருகின்றன. அதன் பிறகு சம்பந்தர் சிவிகையில் போகிறார்.

உரைகாரர்களின் கவனம் இயல்பாகவே சிவிகையில் நிற்கிறது. எனக்குச் சிவிகைக்கு முந்தைய அந்த ஒரு பகல் பெரிதாகப் படுகிறது. பெண்ணாடத்திலிருந்து திருவட்டத்துறைக்கு உள்ள தொலைவு பெரியவர் ஒருவர் ஒரு முற்பகலில் நடந்துவிடக் கூடியது. அதை முடிக்க முடியாமல் இடையில் ஒரு சிற்றூரில் இரவைக் கழித்தார்கள் என்று எழுத, குழந்தையின் நடை எவ்வளவு தூரம் தாங்கும் என்ற கணக்கு எழுதுகிறவருக்கு இருக்க வேண்டும். புராணத்துக்குள் பொதிந்திருக்கும் இத்தகைய நடைக்கணக்கு வேறு பல இடங்களிலும் கிடைக்கும். அதைத் தேடித் தொகுத்தால் நல்லதொரு ஆய்வாகும்.

3. வழி கேட்டவருக்கு வேறு வழி

கரைவழி இருந்தது என்றால், அது எது என்று புதிதாக வருகிறவருக்கு எப்படித் தெரிந்தது? இதற்கும் முதுகுன்றத்தைச் சுற்றியே ஒரு கதை இருக்கிறது.

விருத்தாசலத்தை ஒட்டி ஓடும் மணிமுத்தாறு கல்வராயன் மலைப்பக்கம் பிறந்து, விருத்தாசலத்தைக் கடந்து, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்கிறது. சுந்தரர் முதுகுன்றம் போகிற வழியில் கூடலையாற்றூருக்குள் போகாமல் கடக்கப் பார்க்கிறார். எதிரே ஒரு வேதியர் வருகிறார். முதுகுன்றத்துக்கு வழி எது என்று சுந்தரர் கேட்கிறார். கூடலையாற்றூருக்குப் போகிற வழி இது என்று அவர் பதில் சொல்லி, துணையாகச் சிறிது தூரம் நடந்து மறைந்துவிடுகிறார். கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. வந்தவர் இறைவன் என்று உணர்ந்து, அவர் இந்த வழியில் வந்த அதிசயத்தைச் சுந்தரர் பதிகமாகப் பாடுகிறார்.

கிளைவழிகள் பிரியும் இடத்தில் எதிரே வருகிறவரைக் கேட்டுத்தான் போக வேண்டும் என்பதும், கேட்டவரோடு சிறிது தூரம் கூட நடந்து காட்டிவிட்டுப் போவது வழக்கம் என்பதும், காட்டுகிறவர் நினைத்தால் வழியை மாற்றிவிடலாம் என்பதும் இந்தக் கதை நடப்பதற்குத் தேவையான பின்புலம். இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் கரைகளும் இரண்டாகப் பிரியும். தவறான கரையைப் பிடித்தால் தவறான ஊருக்குப் போவோம். ஆற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவருக்குக் குழப்பம் வர வேண்டிய இடத்தில்தான் கதையும் நடக்கிறது.

பெருவழிகளின் நிலை வேறு. தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்கள், நாவற்தாவளம் என்னும் ஊருக்கு இன்னும் எத்தனை காதம் என்பதை எழுத்தில் சொல்வதோடு, எழுத்தறியாதவரும் எண்ணிக்கொள்ளக் குழிகளையும் கொண்டவை. பெருவழிக்குக் கல் நட்டார்கள். கரைவழிக்கு நட்டதாகத் தெரியவில்லை. அதற்கு மனிதர்களே அடையாளம்.

இதற்கும் முந்திய சான்று சங்க இலக்கியத்தில் இருக்கிறது. செங்கண்மா நன்னனைக் காணப் போகும் கூத்தர்களுக்கு, அவனைக் கண்டு திரும்பும் ஒருவர் வழி சொல்வதாக அமைந்தது மலைபடுகடாம். 583 அடிகளில் மலைவழி, காட்டுவழி, சேயாற்றின் கரைவழி மூன்றும் வருகின்றன. எங்கே பாறை வழுக்கும், எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், தினைப்புனம் காப்பவர் வீசும் கவண்கல் எங்கே வந்து விழும் என்றெல்லாம் அது எச்சரிக்கிறது. மன்னன் புகழைப் பாடுவதுதான் நூலின் நோக்கம் என்றாலும், இவ்வளவு நுணுக்கமான நடைக் கையேடு தமிழில் பின்னால் எழுதப்பட்டதா என்பது எனக்கு ஐயமே. அதில் வழி யாருடையது என்ற கேள்வி எழவில்லை. காவலர் கல் எறிவது வழிப்போக்கரை விரட்ட அன்று, விலங்கை விரட்ட. வழிப்போக்கர் ஒதுங்கிக்கொண்டால் போதும்.

சுந்தரரின் இன்னொரு கதையும் இங்கே பொருந்தும். முதுகுன்றத்தில் பெற்ற 12,000 பொன்னை அவர் சுமந்து செல்லவில்லை. மணிமுத்தாற்றில் இட்டுவிட்டுத் திருவாரூர் போய்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள்கிறார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பேச்சு வழக்கோடு இக்கதையைச் சேர்த்தே சொல்வார்கள். பொன்னோடு அவ்வளவு தூரம் நடப்பது ஆபத்து என்ற பொது அனுபவம் இல்லாமல் இக்கதைக்கு இருப்பில்லை. அதே சுந்தரர் திருமுருகன்பூண்டி வழியில் வேடுவர் உருவில் வந்தவர்களிடம் பொருளைப் பறிகொடுத்த கதையும் பெரியபுராணத்திலேயே இருக்கிறது. பழைய நடைவழிகளை அமைதியின் இருப்பிடமாக எண்ணி ஏங்குகிறவர்கள் இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துப் படிக்கலாம்.

4. வெள்ளை மண், சுண்ணாம்புப் பாறை, முந்திரிக்காடு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நிலத்தில் வேறொரு வகை நடையாளர்கள் வந்தார்கள். சென்னை மாகாண சிவில் பணியில் இருந்த கே, கன்லிஃப் இருவரும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் சேகரித்த கடற்சிப்பிப் புதைபடிவங்களை லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். அந்த அறிக்கையில் 'வெர்தசெல்லம்' என்ற எழுத்தில் வருவது நம் விருத்தாசலம்தான். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டப் பாறைகளைப் பற்றி 1862இல் எழுதினார். ஸ்டோலிச்கா 1863 முதல் 1873 வரை இப்புதைபடிவங்களைத் தொகுதி தொகுதியாக விவரித்தார்.

அவர்கள் கண்டது கிரெட்டேசியஸ் காலக் கடல்படுகை. இங்கிலாந்தின் தென்பகுதியில் சௌத் டவுன்ஸ் போன்ற வெள்ளைச் சுண்ணாம்பு மேடுகள் படிந்த அதே காலம். அந்த மேடுகள் நுண்ணுயிர்களின் ஓடுகளால் ஆன மென்மையான வெண்சுண்ணம். நம் பக்கத்தில் அதே காலத்துக் கடல், களிமண்ணாகவும் மணற்பாறையாகவும் சிப்பி நிறைந்த சுண்ணாம்புக்கல்லாகவும் படிந்தது. புதுச்சேரிக்கும் அரியலூருக்கும் நடுவே விருத்தாசலம் வட்டத்தில் பரூர்ப் பக்கம் அது தலைகாட்டுகிறது. அரியலூர்ப் பக்கம் கள்ளங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல் சிமெண்டு ஆலைகளுக்குப் போகிறது. (சேலத்தருகே வெள்ளையர் 'சுண்ணாம்புக் குன்றுகள்' என்று பெயரிட்ட மேடு சுண்ணாம்பே அன்று, மாக்னசைட். வெண்மையைக் கண்டவுடன் சொந்த ஊர் நினைவு வந்துவிட்டது போலும்.)

நடக்கிறவருக்கு இந்த நிலம் எப்படித் தெரியும் என்பதைப் பெரம்பலூர் மாவட்டம் காரையில் பார்க்கலாம். மழை அறுத்த ஓடைப் பள்ளங்கள், இருபுறமும் புல் முளைக்காத செம்பழுப்புக் களிமண் சரிவு. குனிந்து பார்த்தால் சுருள் அம்மோனைட்டின் உடைந்த வளைவு, பெலெம்னைட் என்ற கடலுயிரின் துப்பாக்கிக் குண்டு போன்ற முனை, இடையிடையே வெயிலில் மின்னும் ஜிப்சத் தகடுகள். பாதை என்று ஒன்று அங்கே இல்லை. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பள்ளம் இடம் மாறும். போன ஆண்டு நடந்த சரிவு இந்த ஆண்டு இருக்காது.

ஜிப்சம் விருத்தாசலத்துக்கு அந்நியமானதன்று. பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மையோ அகல்விளக்கோ வார்க்கும் அச்சு, ஜிப்சத்தைச் சுட்டுப் பொடித்த பாரீஸ் சாந்தில் செய்தது. கூழாகக் கரைத்த வெள்ளைக் களிமண்ணை அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச, உட்சுவரில் களிமண் ஒரு தோலாகப் படியும். தடிமன் போதும் என்று கைப்பழக்கத்தில் தெரிந்தவுடன் மீதியைக் கவிழ்த்து ஊற்றிவிடுவார்கள். காய்ந்ததும் அச்சைப் பிரித்து, பொருத்துவாயில் எழும்பிய விளிம்பைச் சீவி, சூளைக்கு அனுப்புவார்கள். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணை அகற்றும்போது வெள்ளைக் களிமண்ணும் வெளிப்படுகிறது. அரசின் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும் தொழிற்பேட்டையும் இந்த ஊரில் அமைந்ததற்கு இந்தக் களிமண் வளமே அடிப்படை.

இங்கே காடு என்று சொல்லத்தக்கது முந்திரிக்காடு. விருத்தாசலத்துக்கும் நெய்வேலிக்கும் பண்ருட்டிக்கும் இடையிலான செம்மண் மேட்டில் அது பரந்து கிடக்கிறது. விருத்தாசலத்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட முந்திரி ரகங்கள் இந்த ஊரின் பெயர்ச்சுருக்கத்தையே தாங்கி வந்தன. நாவலாசிரியர் கண்மணி குணசேகரனின் எழுத்தில் இந்த நிலம் வேலைத்தலமாகவே வருகிறது. முந்திரி பொறுக்கவும் மல்லாட்டைக் கொல்லைக்குப் போகவும் நடக்கிறார்கள். காற்று வாங்க யாரும் நடப்பதில்லை. காய்ப்புக் காலத்தில் தோப்புக்குக் காவல் வரும், அப்போது குறுக்குவழி மூடிக்கொள்ளும். மலைபடுகடாத்துப் புனக்காவலன் விலங்குக்கு எறிந்த கல் இப்போது மனிதருக்கும் சேர்த்துத்தான்.

புவியியலாளர்களின் வரைபடத்திலும் ஒரு குறை உண்டு. பாறையின் எல்லையை அவர்கள் நுட்பமாகக் குறித்தார்கள். எந்த வரப்பில் நடந்து அங்கே போய்ச் சேர்ந்தோம், யார் கூட்டிப்போனார்கள் என்று குறிக்கவில்லை. சேக்கிழார் யாழ்ப்பாணரின் பெயரையாவது சொன்னார்.

5. யார் நடக்கலாம், எங்கே நடக்கலாம்

இங்கிலாந்தின் சுண்ணாம்பு மேடுகளில் வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர் அளவில் நீளும் சௌத் டவுன்ஸ் வே போன்ற வழிகளைக் காட்டி, நமக்கு ஏன் அப்படி இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. விழிப்புணர்வு போதாது, குப்பை போடுகிறோம், வெயில் அதிகம் என்று பதில்கள் வரும். வெயில் உண்மைதான். ஆனால் வேர் சட்டத்தில் இருக்கிறது.

ஆங்கிலேயச் சட்டத்தில் நடைவழியின் மண் தனியாருக்குச் சொந்தமாக இருக்கலாம். அதன் மேல் நடக்கும் உரிமை பொதுமக்களுக்கு உரியது. அத்தகைய வழிகளை வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்று 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்பாடு செய்தது. அதுவும் எளிதாகக் கிடைக்கவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் மேட்டில் அத்துமீறி நடந்த தொழிலாளர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, கரம்பு, சுண்ணாம்பு மேட்டுப் புல்வெளி முதலியவற்றைத் தடையின்றி நடப்பதற்குத் திறந்துவிட்டது. பெரும்பாலான காடுகளையும் ஆற்றங்கரைகளையும் அது திறக்கவில்லை. ஆகவே அந்த நாட்டை முழு முன்மாதிரியாகக் கொள்ள வேண்டியதில்லை.

நம் பக்கம் இரண்டு சட்டங்களைப் பார்க்க வேண்டும். 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்துக்குப் பொருந்தியது. பிறர் நிலத்தின் வழியே இருபது ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையோடு நடந்திருந்தால் வழியுரிமை உண்டு என்று அது சொல்லும். ஆனால் அந்த உரிமை ஒரு நிலத்தை வைத்திருப்பவருக்கு, அந்த நிலத்தை அனுபவிப்பதற்காகத் தரப்படுவது. என் கொல்லைக்குப் போக உன் கொல்லை வழியே நடக்கலாம். கொல்லையே இல்லாதவர் இதைக் கேட்க முடியாது. ஊர் வழக்கம் என்ற வேறு வாதத்தை அவர் நீதிமன்றத்தில் சான்றுகளோடு நிறுவ வேண்டும்.

இரண்டாவது, 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம். பொதுச் சாலைகள், தெருக்கள், சந்துகள், பாதைகள், ஆறுகளின் படுகைகள் எல்லாம் அரசின் சொத்து என்று அது அறிவிக்கிறது. இதனால் நடைவழி இங்கே உரிமை என்ற வடிவம் எடுக்காமல் நிலம் என்ற வடிவம் எடுத்தது. நில அளவையில் வண்டிப்பாதை என்று தனிப் புல எண் பெற்றால் அது வழி. பெறாவிட்டால், நூறு தலைமுறை நடந்திருந்தாலும் கிராம வரைபடத்தில் அங்கே பட்டா நிலம்தான் தெரியும். ஒற்றையடிப் பாதைகள் பெரும்பாலும் அளவைச் சங்கிலியின் கண்ணில் படாதவை. ஆற்றங்கரை ஆற்றுப் புறம்போக்கு ஆனது. அதில் நடக்கலாமா கூடாதா என்று கேட்க வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை. கரை உடைந்தால் நீர்வளத்துறை, மணல் என்றால் வேறு துறை, மரம் என்றால் இன்னொரு துறை. நடக்கிறவருக்கு என்று ஒரு துறை இல்லை.

ஆனால் நடக்கும் உரிமைக்கான போராட்டம் இங்கே நடக்கவில்லை என்று சொன்னால் அது பெரும் பிழை. கிண்டர் ஸ்கவுட்டுக்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1924இல், வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காக மக்கள் சிறை சென்றார்கள். 1925இல் முடிவு வந்தபோது நான்கு தெருக்களில் மூன்றுதான் எல்லோருக்கும் திறந்தன. அதே 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, கிணறு, அலுவலகம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்டோர் உள்ளிட்ட எல்லா வகுப்பாரும் பயன்படுத்தத் தடையில்லை என்பதை அரசின் ஆணையாக்கியது. அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு, சாலைகளைப் பயன்படுத்துவதில் பாகுபாட்டைத் தடுக்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொது இடத்துக்குப் போக வழக்கமாக உள்ள வழியைப் பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ மறுப்பதைக் குற்றமாக்கியது. வசதியுரிமைச் சட்டம் கைவிட்ட நிலமற்றவரின் வழக்கவழியை, வேறொரு வாசல் வழியாகக் குற்றவியல் சட்டம் கையில் எடுத்துக்கொண்டது. நடப்பதைப் பற்றிய நம் சட்டச் சிந்தனையின் உச்சம் இதுதான் என்று நான் கருதுகிறேன். சுற்றுலாக் கையேடுகள் இதைத் தொடுவதே இல்லை.

ஒருவருக்கு வழி உண்டு, இன்னொருவருக்கு இல்லை என்ற இரட்டை நிலை சேக்கிழாரிடமும் தெரிகிறது. சம்பந்தரோடு யாழ்ப்பாணர் நிவாக்கரையில் கூடவே நடக்கிறார், பயணத்தின் திசையையே அவர் கேட்டு வாங்குகிறார். அதே நூலில் கொள்ளிடக்கரை ஆதனூரிலிருந்து புறப்படும் திருநாளைப்போவார் என்னும் நந்தன் தில்லையின் எல்லையை அடைந்தவுடன் நின்றுவிடுகிறார். உள்ளே போகும் வழி அவருக்கு இல்லை. ஊருக்கு வெளியே இரவும் பகலும் வலம் வருகிறார். ஒரே நூல், பக்கத்துப் பக்கத்து ஆறுகள். கரைவழியில் இருவரும் நடக்கலாம். ஊர் தொடங்கும் இடத்தில் ஒருவருக்கு வழி முடிந்துவிடுகிறது. சம்பந்தருக்குக் கால் நொந்ததற்குச் சிவிகை வந்தது. நந்தனுக்கு நெருப்பு வழியாக வர ஆணை வந்தது. பக்தி நூல்கள் இரண்டையும் அருள் என்று ஒரே கணக்கில் வைப்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

6. பெண்ணாடத்திலிருந்து திருவட்டத்துறைக்கு

இன்று விருத்தாசலம் சந்திப்பு நிலையமாகவே பலருக்குத் தெரியும். 1920களின் இறுதியில் விழுப்புரம் திருச்சி குறுக்குப்பாதை வந்த பிறகு, கடலூர் சேலம் பாதையோடு சேர்ந்து, ஊரின் முகம் ஆற்றிலிருந்து தண்டவாளத்துக்குத் திரும்பியது. மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றில் கூட்டம் சேருகிறது, விருத்தகாசி என்ற பெயருக்கேற்ப இறந்தவர்களின் சாம்பல் கரைக்கப்படுகிறது. மற்ற நாட்களில் ஆறு பெரும்பாலும் மணல், கழிவுநீர், சீமைக் கருவேலம். வெள்ளாற்றுக் கரையில் பல இடங்களில் தெளிவாகத் தெரியும் தடம் மணல் வண்டிகள் போட்ட தடம்தான். கரைவழியை அவை அழித்தன என்பதும் உண்மை, சில இடங்களில் நடக்கத்தக்க ஒரே வழி அவைதான் என்பதும் உண்மை.

முழுக் கரைவழியையும் மீட்பது பற்றிப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு முதல் பெலாந்துறை அணைக்கட்டு வரை கரையின் தன்மை ஊருக்கு ஊர் மாறுகிறது. சோதித்துப் பார்க்கத் தகுந்த துண்டு பெண்ணாடம், இறையூர், திருவட்டத்துறை என்ற அந்த ஒரு பகல் நடைதான். தொலைவு குறைவு, மூன்று ஊர்களும் இன்றும் இருக்கின்றன, ஆறு அருகில் இருக்கிறது. முதலில் வேண்டியது பெயர்ப்பலகையோ சிமெண்டுத் தளமோ அன்று. அந்தக் கிராமங்களின் வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் விரித்து வைத்து, எந்தப் புல எண்ணில் பாதை பதிவாகியிருக்கிறது, எங்கே வாய்க்கால் புறம்போக்கு, எங்கே பட்டா என்று குறிக்க வேண்டும். பட்டா நிலம் குறுக்கிடும் இடத்தில் உரிமையாளரின் ஒப்புதலோடு கிராமசபைத் தீர்மானம் போடலாம். ஊராட்சிச் சாலைகள் ஊராட்சியின் பொறுப்பில் இருப்பதால், பதிவான பாதையைப் பராமரிக்கப் புதுச் சட்டம் தேவையில்லை.

ஒரு தடை மட்டும் இதில் எளிதாகத் தீராது. கிராம வரைபடத்தைத் திறந்தவுடன் முதலில் வெளிவரும் வழக்கு கோயில் யாத்திரைக்குரியதாக இருக்காது. தமிழ்நாட்டு வட்டாட்சியர் அலுவலகங்களில் பாதை கேட்டுக் குவியும் மனுக்களில் பல, காலனி மக்கள் பிணத்தைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போக வழி கேட்பவை. சம்பந்தர் நடந்த வழி என்று ஒரு கரையைச் செப்பனிட நிலம் தர முன்வரும் அதே பட்டாதாரர், அந்தப் பாதையில் பாடை போகச் சம்மதிப்பாரா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். சம்மதிக்காத இடத்தில் கரைவழியை வேறு புல எண் வழியாகத் திருப்ப வேண்டும், அல்லது அந்தத் துண்டை விட்டுவிட வேண்டும்.